கையொப்பம் இல்லாத அறிவிப்பு

“அப்பா, நீ செத்துப்போனா உன் நோட்டீச யாருப்பா போடுவா?”

எட்டு வயதில் கார்த்திகா கேட்டது. அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை. பல்கலைக்கழக வேதியியல் துறையின் நடையில், கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, யாரோ ஒரு பேராசிரியரின் இரங்கல் செய்தியைக் கோணாமல் பிடித்திருந்தார் கஜபதி. கீழே அவள் உள்ளங்கையில் நான்கு பின்களை ஏந்தியபடி நின்றாள். அவர் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார்.

“அதுக்குன்னு யாராவது இருப்பாங்க. நீ பின்னக் குடு.”

இருபத்தெட்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவருடைய கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது. முடிச்சு இரண்டு முறை நழுவியது. அதிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவர், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது. இப்போது அயனம்பாக்கத்தில் அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். நெற்றியில், வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுக் கோயிலிலிருந்து கொண்டுவந்த குங்குமம்.

வாசலில் தம்பி விக்ரம் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தான். போஸ்டர் அடிப்பவனிடம் பேசுகிறான் என்று தெரிந்தது.

“ஆமா, கண்ணீர் அஞ்சலிதான். கஜபதி. வயசு அறுபத்திரண்டு. வேலையா? வேலைலாம் ஒண்ணும் போடாத. பேரு மட்டும் போட்டா போதும்.”

கார்த்திகா வெளியே வந்தாள். “ஏன்டா, பல்கலைக்கழகம், ஓய்வுன்னு போடச் சொல்லு. முப்பத்திமூணு வருஷம் வேலை செஞ்ச எடம்.”

“அந்தப் பேரே வேணாம்.”

“வேணாம்னு நீ எப்பிடிச் சொல்லுவ?”

“வேற யாரு சொல்லுவா?” அவன் கைபேசியை மார்போடு அழுத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன, அழுததனாலா கோபத்தினாலா என்று சொல்ல முடியவில்லை. “உசுரோட கீறவங்களுக்குச் சாவு நோட்டீசு ஒட்டின ஆளுன்னு இந்தத் தெருவுல எத்தினி பேரு சிரிச்சான் தெரியுமாக்கா? என் கம்பெனில ஒருத்தன், ‘மாமே, எனக்கும் ஒண்ணு ஒட்டச் சொல்லேன், லீவு கிடைக்கும்’ன்னான். அவன் வாயிலயே ஒண்ணு உட்டேன். இதப் போஸ்டர்ல வேற போட்டு ஞாபகப்படுத்தணுமா?”

“அப்பா வேணும்னு செய்யல.”

“வேணும்னு செஞ்சாரோ, வேணாம்னு செஞ்சாரோ. மணி ஒன்பதாவுது. உங்க டிபார்ட்மென்ட்டுல இருந்து ஒரு ஈ, காக்கா வந்துச்சா? நீ இன்னும் அங்கதான் குந்திகினு டைப் அடிக்கிற. வெக்கமா இல்ல உனக்கு?”

பந்தல் போடுபவர்களோடு நின்றிருந்த அவள் கணவன் வெங்கட், “உடு விக்ரம், பெரியவங்க வராங்க” என்றான். விக்ரம் காறித் துப்பிவிட்டு மறுபடி கைபேசியைக் காதில் வைத்தான். “பேரு மட்டும் போடு நைனா. சொன்னேன் இல்ல?”

அவள் உள்ளே திரும்பினாள். சொல்ல வேண்டிய பதில் மூன்று வருஷமாக அவளிடமே இருந்தது.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பேராசிரியரானாலும் சரி, சோதனைச்சாலையில் குடுவை கழுவுகிறவரானாலும் சரி, இறந்துபோனால் கண்ணாடிப் பலகையில் ஒரு பக்க இரங்கல் செய்தி வரும். கஜபதி ஸ்டீல் ஸ்கேலும் மார்க்கரும் வைத்து அதற்குக் கறுப்புக் கரை போடுவார். நான்கு மூலைக்கும் நான்கு பின். பதினாறு நாள் முடியும் வரை அதன் ஓரத்தின்மேல் வேறு எந்த அறிவிப்பின் ஓரமும் படக்கூடாது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதியானாலும் தள்ளித்தான் போக வேண்டும். இவை எங்கும் எழுதப்பட்ட விதிகள் அல்ல. கஜபதி வைத்திருந்த விதிகள். எழுதிவைத்த விதி ஒன்றுதான்: துறைத் தலைவரின் கையொப்பம் இல்லாமல் ஒரு காகிதமும் பலகைக்குள் போகக்கூடாது.

மூன்று வருஷம் முன்பு ஒரு வியாழக்கிழமை. அமல்ராஜ் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் இறந்த செய்தி சாயங்காலம் நாலரைக்கு வந்தது. கார்த்திகா அப்போது அந்த அலுவலகத்தில் தொகுப்பூதியத்தில் தட்டச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐந்து பத்து ரயிலைப் பிடித்தாக வேண்டும். புதிதாக ஒரு பக்கம் தயார் செய்ய நேரமில்லாமல், போன வாரம் செய்த கோப்பைத் திறந்தாள். புதிய துறைத் தலைவராகப் பேராசிரியர் மைதிலி பொறுப்பேற்றதற்கான வாழ்த்து அறிவிப்பு அது. நடுவில் படம், படத்துக்குக் கீழே பெயர், அதற்குக் கீழே பட்டங்கள். வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் அந்தத் துறையில் ஒரே அமைப்புதான். ‘நல்வாழ்த்துகள்’ என்பதை அழித்து ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று அடித்தாள். கீழே கூட்டம் நடக்கும் நேரத்தை மாற்றினாள். படத்தையும் பெயரையும் மாற்ற மறந்துபோனாள். அச்செடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மைதிலி அன்று வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். இரங்கல் செய்தியைப் போட்டுவிடுங்கள், கையொப்பம் நாளை போடுகிறேன் என்று போனில் சொல்லியிருந்தார். கஜபதி மூக்குக் கண்ணாடியைத் தேடவில்லை; அது இல்லாமல் படமும் அவருக்கு மங்கல்தான். மகள் அடித்துக் கொடுத்த காகிதம். கரை போட்டு, நான்கு பின் குத்தி, பூட்டிவிட்டார்.

பத்து நிமிஷத்தில் ஒரு மாணவன் அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் பரப்பினான். அரை மணி நேரத்தில் கொரட்டூரில் மைதிலியின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண், தனியாக இருந்த மைதிலியின் தாயாரிடம் அழுதுகொண்டே போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் வாசலுக்கு ஓடிவந்தார். படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் படுக்கை. போன வருஷம் அதே படுக்கையில் போய்விட்டார்.

மறுநாள் விசாரணையில் கஜபதி ஒரே வாக்கியம்தான் சொன்னார். “பாப்பா பாதி வேலையா வச்சிட்டுப் போச்சு சார், நான்தான் அவசரப்பட்டு பிரின்ட் எடுத்துட்டேன்.” வீட்டுக்கு வந்து மகளிடம், “எனக்கு எட்டு மாசம்தான் பாக்கி. உனக்கு ஆயுசு பூரா கீது. வாயத் தொறக்காத” என்றார். அவள் திறக்கவில்லை. அவரை ரசாயனக் கிடங்குக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் கழித்து ஓய்வு பெற்ற நாளில் பலகையில் ஒரு வரிகூட இல்லை. எத்தனையோ பேருடைய பிரிவு உபசார அறிவிப்பைக் குத்தியவர், கிடங்குச் சாவியைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வழக்கமான ரயிலில் வீட்டுக்கு வந்தார். பலகையின் சாவி அதற்கு முன்பே கார்த்திகாவிடம் வந்திருந்தது.

பதினோரு மணிக்குப் பச்சையப்பன் வந்தார். சோதனைச்சாலை உதவியாளர். கஜபதியோடு இருபது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டவர். கையில் தன் சொந்தக் காசில் வாங்கிய ஒரு சம்பங்கி மாலை. பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, சொல்லாம கொள்ளாம கெளம்பிட்ட? இனிமே யாரு ஊட்டு ஊறுகாய நான் துண்றது?” என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

விக்ரம் வாசற்படியிலிருந்து, “நீ ஒருத்தன்தான் வந்தியா? மத்தவங்களுக்கு வழி தெரியலயா?” என்றான்.

“ஞாயித்துக்கெழம ஆச்சே தம்பி...”

“பொய் சொல்லாத பெரிசு. ஞாயித்துக்கெழம காலையிலதான் போன மாசம் ஒரு புரொபசரோட மாமியாருக்கு வேன் வச்சிகினு போனீங்க.”

பச்சையப்பன் முகம் சுருங்கியது. கார்த்திகாவைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே அழைத்துப் போனார். “மேடத்துக்குப் போன் பண்ணேன்மா. போர்டுல போடலாமான்னு கேட்டேன். முடியாதுன்ட்டாங்க. குரூப்ல போடறதுக்கும் வேணாம்னாங்க.”

துறையின் வாட்ஸப் குழுவை அவளும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசிச் செய்தி: ‘நாளை காலை பத்து மணிக் கருத்தரங்கிற்கு அனைவரும் அடையாள அட்டையுடன் வரவும்.’ அதன் கீழே பதினேழு கட்டைவிரல்கள்.

பச்சையப்பன் போன பிறகு அவளே மைதிலிக்குப் போன் செய்தாள்.

“சொல்லுங்க கார்த்திகா. கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு. ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க, லெட்டர் அப்புறம் குடுத்தாப் போதும்.”

“மேடம், போர்டுல அப்பாவுக்கு...”

“அத மட்டும் கேக்காதீங்க.” குரல் உயரவில்லை. ஆனால் இறுகியது. “எங்கம்மா அதுக்கப்புறம் சொந்தக் கால்ல நிக்கவே இல்ல. ஒவ்வொரு நாளும் நான்தான் அவங்களப் புரட்டிப் போட்டேன். நான் செத்துட்டேன்னு நெனச்சு ஓடினவங்க. அவங்க போன அன்னிக்கு உங்கப்பா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. நான் திருப்பி அனுப்பினேன். இன்னிக்கும் என்னால முடியல. அந்தப் பேர அந்தப் போர்டுல என் கையெழுத்தோட பாக்க என்னால முடியாது.”

“மேடம், அன்னிக்கு...”

“அன்னிக்கு என்ன?”

தொட்டி நிறைந்து தண்ணீர் விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. கார்த்திகா அதையே பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க ரெனியூவல் ஃபைல் என் டேபிள்ல இருக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். பயப்படாதீங்க. உங்கப்பாவையும் உங்களையும் நான் ஒண்ணாப் பாக்கல. அந்த அநியாயத்த நான் பண்ண மாட்டேன்.”

திட்டியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். போனை வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினாள்.

உள்ளே அம்மா வனஜா, பெட்டியின் தலைமாட்டில் அகல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த குரலில் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், மகளைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“வெள்ளிக்கெழம தவறாம திருவேற்காடு போவாரே உங்கப்பா. யாருக்கு அர்ச்சன பண்ணாரு தெரியுமா?”

“நமக்குத்தானே?”

“நமக்கா!” வனஜா கசப்பாகச் சிரித்தாள். “அந்த மேடத்தோட அம்மாவுக்கு. கால் சரியாவணும்னு. எனக்கு எரிச்சலா வரும். உன்ன நாயி மாதிரி தொரத்தினவங்களுக்கு இன்னாத்துக்குயா அர்ச்சனன்னு கேப்பேன். வாயத் தொறக்க மாட்டாரு. அந்தம்மா போனப்புறமாவது நிறுத்துவாருன்னு பாத்தேன். மேடம் பேருக்கு மாத்திட்டாரு.”

கார்த்திகா அகலின் திரியைத் தூண்டிவிட்டாள்.

“கூத்த கேளு. அய்யரு நட்சத்திரம் கேட்டா இவருக்குத் தெரியாது. அந்தம்மாவோடதும் தெரியாது, மேடத்தோடதும் தெரியாது. அதனால உன் நட்சத்திரத்தச் சொல்லிடுவாராம். ரோகிணின்னு. ஏன்யா எம்பொண்ணு நட்சத்திரத்தப் போயி அங்க சொல்றேன்னு சண்ட போட்டேன். சொல்லலாம், தப்பில்லன்னாரு. அவரு மனசுல இன்னா கீதுன்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல.”

கார்த்திகா அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஈரம் படர்ந்து குங்குமம் லேசாகக் கரைந்திருந்தது. எழுந்து போய் ஒரு துணியால் கண்ணாடியின் மேற்புறத்தைத் துடைத்தாள். ஈரம் உள்பக்கம் இருந்தது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சங்கு ஊதியது. விக்ரம் ஈர வேட்டியோடு தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தெருமுனை வரை பெண்கள் போனார்கள். அங்கே பிணத்தை ஒரு முறை சுற்றித் திருப்பியபோது, அவன் அக்காவைத் தேடிப் பார்த்தான்.

“பாத்துக்கினியா? உங்க ஆபீசு மால ஒண்ணுகூட இல்லாமத்தான் போறாரு” என்றான். பிறகு அவன் குரல் உடைந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு நடந்தான்.

பெண்கள் திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். கார்த்திகா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். தலையைத் துவட்டாமலே புடவை மாற்றி, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது வனஜா நிமிர்ந்தாள்.

“தீட்டோட எங்கடி கெளம்புற?”

“கோயிலுக்கு இல்லம்மா. ஒரு வேல கீது. அவங்க சுடுகாட்ல இருந்து வரதுக்குள்ள வந்துடுவேன்.”

“இன்னிக்குமாடி வேல? அவரு சாம்பல்கூட ஆறல.”

“அதுக்குள்ளதாம்மா செய்யணும்.”

வனஜா அவள் முகத்தைப் பார்த்தாள்.

ஏரிக்கரைச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. ‘கஜபதி’ என்ற பெயருக்குக் கீழே வயதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆட்டோவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பல்கலைக்கழக வாயிலில் காவலாளி அவளுடைய ஈரத் தலையையும் வெறும் நெற்றியையும் பார்த்துவிட்டுப் பதிவேட்டை நீட்டாமல் கதவைத் திறந்துவிட்டான். வேதியியல் துறைக் கட்டடத்தில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த நடையில் ரசாயன வாடை இருந்தது. அப்பாவின் சட்டையில் இருந்த அதே வாடை.

அலுவலகத்தைத் திறந்து கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். பழைய கோப்புகள் திரையில் வரிசையாக இருந்தன. ஒன்றையும் தொடவில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து முதல் எழுத்திலிருந்து அடித்தாள். ஆழ்ந்த இரங்கல். திரு. கஜபதி, அலுவலக உதவியாளர், முப்பத்து மூன்று ஆண்டுகள். பணியாளர் கோப்பிலிருந்து அவருடைய படத்தை எடுத்து வைத்தாள். அச்செடுத்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலையும் மார்க்கரையும் எடுத்து நான்கு பக்கமும் கறுப்புக் கரை போட்டாள். கீழே, துறைத் தலைவர் கையொப்பத்துக்கான கோடு காலியாக இருந்தது. அதை அப்படியே விட்டாள்.

இன்னொரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். இதை அடிக்க வெகு நேரம் ஆயிற்று.

‘திருத்தம்: மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தப் பலகையில் வந்த தவறான இரங்கல் செய்தியைத் தட்டச்சு செய்தது நான். அச்செடுத்ததும், சரிபார்க்காமல் மாட்டக் கொடுத்ததும் நான்தான். திரு. கஜபதி அந்தத் தவறைச் செய்யவில்லை. எனக்காகத் தன் பெயரைச் சொன்னார். அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். பேராசிரியர் மைதிலி அவர்களிடமும், மறைந்த அவருடைய தாயாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.’

அச்செடுத்து, தேதி போட்டு, தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள்.

பலகைக்குள் நாளைய கருத்தரங்கு, அகமதிப்பீட்டு மதிப்பெண், யாரோ தொலைத்த அடையாள அட்டை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, தள்ளித் தள்ளிக் குத்தி இடம் செய்தாள். எதன் ஓரமும் எதன்மேலும் படவில்லை என்று பார்த்தாள். பிறகு அப்பாவின் காகிதத்தைக் கையில் எடுத்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தின் மீதும் விரலை வைத்துப் படித்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி பெயர். மறுபடி படம்.

ஸ்டூல் அந்தப் பழைய ஸ்டூல்தான். ஏறி நின்று, இடது உள்ளங்கையில் பின்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தானே எடுத்துக் குத்தினாள். அதன் கீழே இரண்டாவது காகிதத்தையும் மாட்டினாள். கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.

மைதிலியின் அறை நடையின் கோடியில் இருந்தது. பலகைச் சாவியை ஒரு உறையில் போட்டு, மேலே அவர் பெயரை எழுதி, கதவுக்கு அடியில் தள்ளினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. திரும்பிப் போய் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து, குனிந்து, உள்ளே தள்ளிவிட்டாள். உள்ளே அது ஏதோ மேஜைக்காலில் இடித்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஸ்கேலை அதன் இடத்தில் வைத்தாள். விளக்கை அணைத்தாள். நடையில் அவள் கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர், பலகையிலிருந்து அந்தக் கதவு வரை புள்ளி புள்ளியாக விழுந்து, ஒவ்வொன்றாக உலர்ந்துகொண்டிருந்தது.